எல்லை மலைகளின் சிறுமொழிகளும் மரபணுவும்: சப்பாதா, சவ்ரிஸ், திமாவ், ரேசியா

செங்காந்தள் எழுதியது:

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஆஸ்திரியாவும் ஸ்லோவேனியாவும் வந்து சேரும் மலைப்பகுதி பிரியூலி. அங்கே ஊர்ப்பேச்சு பிரியூலியன். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் இத்தாலியன். இதற்கு நடுவே சப்பாதா, சவ்ரிஸ், திமாவ் ஆகிய மூன்று ஊர்களில் பழைய ஜெர்மன் கிளைமொழிகள் வழங்குகின்றன. இடைக்காலத்தில் மலைக்கு அப்பாலிருந்து, இன்றைய ஆஸ்திரியப் பகுதியிலிருந்து இறங்கி வந்து குடியேறியவர்களின் மொழி அது. மூன்று ஊர்களும் முப்பது கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிவிடும். சப்பாதாவில் ஏறத்தாழ 1,300 பேர், சவ்ரிஸில் சுமார் 400 பேர். இன்னும் கிழக்கே, ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய ரேசியா பள்ளத்தாக்கில் சுமார் ஆயிரம் பேர். அவர்களின் மொழி ஸ்லாவியக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ரோம் சப்பியென்சா பல்கலைக்கழகத்தின் ஜொவான்னி தெஸ்த்ரோ பிசோல், மார்கோ கபோகாசா ஆகியோரின் குழு இத்தாலியின் மொழிச் சிறுபான்மையினரிடம் நடத்திய மரபணு ஆய்வு 2014-இல் வெளிவந்தது. அதில் ஒரு முடிவு என்னை உலுக்கிவிட்டது. தாய்வழி மரபுக்கூறுகளை எடுத்துக்கொண்டால், சப்பாதாவுக்கும் அதன் பக்கத்துப் பகுதியான கதோரேக்கும் உள்ள வேறுபாடு, போர்ச்சுகீசியருக்கும் ஹங்கேரியருக்கும் இடையே காணப்படுவதைவிடப் பல மடங்கு பெரிது. கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கு நடுவே ஒரு கண்டத்தின் இரு முனைகளுக்கு நடுவே இல்லாத இடைவெளி!

என் கேள்வி இது. இந்த இடைவெளியை உண்டாக்கியது மொழியா, மலையா? மொழிதான் என்றால், எல்லைப்புறச் சிறுமொழிகள் ஒவ்வொன்றும் ஒரு தனி மரபணுக் கருவூலம் என்று சொல்லிவிடலாமா? இந்தத் துறையில் பழக்கமுள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


கொடிவழி எழுதியது:

நல்ல கேள்வி, செங்காந்தள். மக்கள்தொகை மரபியலில் சில காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். ‘மரபணுப் பன்மை’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஓர் ஊருக்குள் இருப்பவர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் எவ்வளவு மாறுபடுகிறார்கள் என்பது ஒன்று. ஓர் ஊர் இன்னோர் ஊரிலிருந்து எவ்வளவு மாறுபடுகிறது என்பது மற்றொன்று. சப்பாதா போன்ற தனித்த ஊர்களில் இவை எதிரெதிர்த் திசையில் போகின்றன. ஊருக்குள் பன்மை குறைகிறது. ஊர்களுக்கு இடையே வேறுபாடு கூடுகிறது. எனவே ‘கருவூலம்’ என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைச் சப்பாதாவின் குடும்பப் பெயர்களிலேயே காணலாம். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குத் தொடரோட்டத்தில் தங்கம் வென்ற இத்தாலிய அணியில் பியெத்ரோ பில்லர் கொத்ரெர் என்ற வீரர் இருந்தார். அவர் சப்பாதாக்காரர். ‘பில்லர்’ என்பது குடும்பப் பெயர். ஊரில் பில்லர்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டதால், யார் எந்த பில்லர் என்று பிரித்தறிய வீட்டுப்பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள்: பில்லர் கொத்ரெர், பில்லர் ஹோஃபெர், பில்லர் ரோனெர். அந்த வீட்டுப்பெயர்களே பிறகு பதிவேட்டிலும் ஏறிவிட்டன.

குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஒய் குரோமோசோமும் அப்படியே. வந்து குடியேறியவை சில குடும்பங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சிலருக்குப் பிள்ளையில்லை, சிலருக்கு ஆண் வாரிசு இல்லை, சிலர் வெளியே போய்விடுகிறார்கள். அந்தப் பெயர்கள் மறைகின்றன, எஞ்சியவை பெருகுகின்றன. இதில் யாரும் யாரையும்விட வலியவர் என்பதில்லை. முழுக்க முழுக்கத் தற்செயல். இதைத்தான் மரபணு நகர்வு என்கிறோம். லட்சம் பேர் உள்ள ஊரில் இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாது. சில நூறு பேர் உள்ள ஊரில் இருபது, முப்பது தலைமுறை நடந்தால் ஊரின் முகமே மாறிவிடும். பக்கத்து ஊரிலும் இதே போன்ற தற்செயல், ஆனால் வேறு திசையில் நடந்திருக்கும். அந்தப் பெரிய இடைவெளி இப்படித்தான் உண்டாகிறது. தொலைதூரத்திலிருந்து வந்த வேறு இனத்தார் என்பதற்கு அது சான்று ஆகாது.


வைகைக்கரை எழுதியது:

கொடிவழி ஐயா சொல்வதைப் பார்த்தால் மொழிக்கு இதில் வேலையே இல்லை போலிருக்கிறதே. ஊர் சின்னது, மலை பெரியது, பாதை மோசம். அதனால் வெளியே போய்ப் பெண் எடுக்க முடியவில்லை. இதே மலையில் பிரியூலியன் பேசும் ஊர்களும் இருக்குமே, அவையும் இப்படித்தானே ஆகியிருக்க வேண்டும்? அப்படி ஆகியிருந்தால் மொழி வெறும் உடன்வரும் அடையாளம்தான், காரணம் ஆகாது.


செங்காந்தள் எழுதியது:

வைகைக்கரை, உங்கள் ஐயத்தில் பாதி சரி. மரபியலாளர் கவாலி-ஸ்ஃபோர்சா 1950-களில் இருந்து இத்தாலியின் பார்மா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடத்திய ஆய்வு இதைத்தான் காட்டியது. மாதாகோயில் பதிவேடுகளையும் ரத்த வகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மேலே மலையில் சிற்றூர்களுக்கு இடையே வேறுபாடு அதிகம். கீழே சமவெளிக்கு வர வர அது குறைகிறது. அங்கே மொழி வேறுபாடு இல்லை. எனவே மலையும் ஊரின் சிறுமையும் தனியாகவே இந்த வேலையைச் செய்யக்கூடியவை.

ஆனால் மறுபாதியும் இருக்கிறது. குய்டோ பார்புஜானியும் ராபர்ட் சோக்கலும் 1990-இல் ஐரோப்பா முழுவதிலும் மரபணு விகிதங்கள் சட்டென்று மாறும் எல்லைகளைத் தேடினார்கள். 33 எல்லைகள் கிடைத்தன. அவற்றில் 31 மொழி எல்லைகளோடு பொருந்தின. பல இடங்களில் மலையும் கடலும் உடன் இருந்தன என்பது உண்மை. ஆனால் அப்படி எந்தத் தடையும் இல்லாத இடங்களிலும், வெறும் மொழி மாறும் கோட்டில் மரபணுவும் மாறியது. ஆகவே மொழி உடன்வரும் அடையாளம் மட்டும் இல்லை.

ரேசியாவைப் பாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கின் கிழக்கே கனீன் மலை சுவர்போல நிற்கிறது. அதற்கு அப்பால்தான் ஸ்லோவேனியா. பள்ளத்தாக்கின் வாய் மேற்கே, பிரியூலியன் பேசும் ஊர்களின் பக்கம் திறக்கிறது. பாதையைப் பின்பற்றிக் கொள்வினை கொடுப்பினை நடந்திருந்தால் ரேசியாக்காரர்கள் எப்போதோ கரைந்திருக்க வேண்டும். பிரியூலியின் தனித்த ஊர்களில் நடந்த மரபணு ஆய்வுகளில் ரேசியாவும் சவ்ரிஸும் மிகத் தெளிவாகத் தனித்து நிற்கின்றன. வாய் திறந்திருந்தும் பள்ளத்தாக்கு தனியாக நின்றது என்றால் மொழிக்கும் அதில் பங்கு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.


கொடிவழி எழுதியது:

செங்காந்தள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்த ஆய்வுகளிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

சப்பாதா, சவ்ரிஸ், திமாவ் மூன்றும் ஜெர்மன் பேசுபவை. மூன்றும் ஒரே திசையிலிருந்து வந்தவை. ‘நாமெல்லாம் ஒரே மொழிக்காரர்கள், பிரியூலியர்களுக்கு நடுவே சிறுபான்மையினர்’ என்று எண்ணித் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுத்திருந்தால் மூன்று ஊர்களும் மரபணுவில் ஒட்டியே இருந்திருக்கும். அப்படி இல்லை. மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று வெகுவாக விலகி நிற்கின்றன. தெஸ்த்ரோ பிசோல் குழுவினர் இதற்குச் சொல்லும் விளக்கம்: அங்கே ‘நாம்’ என்ற உணர்வு மொழியளவில் இல்லை, ஊரளவில் இருந்தது. நான் சப்பாதாக்காரன், நீ சவ்ரிஸ்காரன். ஒரே மொழிக்குடும்பம் என்பது அவர்களுக்குத் திருமண உறவாக மாறவில்லை.

ஆகவே மொழியா மலையா என்ற கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டால் விடை தெளிவாகும். மரபணுவில் தடம் பதிப்பது திருமணம் மட்டுமே. மொழி எங்கே திருமணத்தைத் தடுக்கும் வேலியாக நிற்கிறதோ அங்கே அது மரபணுவிலும் தெரியும். எங்கே மொழி மாறினாலும் சம்பந்தம் செய்துகொள்கிறார்களோ அங்கே தெரியாது. எங்கே மொழி ஒன்றாக இருந்தும் சம்பந்தம் இல்லையோ அங்கே ஒரே மொழிக்குள்ளும் மரபணு பிரிந்து நிற்கும்.


தமிழ்வேல் எழுதியது:

இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். எனக்கு ஒரு வேண்டுகோள். நம் மொழிக்குடும்பத்துக்கே இப்படி ஓர் எல்லைப்புற மொழி இருக்கிறதே! பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பேசப்படும் பிராகுவி. சுற்றிலும் பலூச்சி, பஷ்தூ, சிந்தி. நடுவே ஒரு திராவிட மொழி. அவர்களின் டி.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தால் திராவிடர்கள் வடமேற்கிலிருந்து வந்தார்களா, தெற்கிலிருந்து அங்கே போனார்களா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடாதா? இதை ஏன் யாரும் செய்யவில்லை?


நெய்தல்மகன் எழுதியது:

தமிழ்வேல், செய்திருக்கிறார்கள். 2017-இல் லூக்கா பகானி முதலியோர் பிராகுவி மக்களின் மரபணுவை விரிவாக ஆராய்ந்தார்கள். முடிவு நீங்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. பிராகுவி பேசுபவர்கள் மரபணுவில் அக்கம்பக்கத்துப் பலூச்சி, மக்ரானி மக்களோடு ஒட்டியே இருக்கிறார்கள். தென்னிந்தியத் திராவிட மொழி பேசுபவர்களோடு அவர்களுக்குத் தனி நெருக்கம் எதுவும் தென்படவில்லை. பக்கத்தில் இருக்கும் பிற பாகிஸ்தானியருக்கு எவ்வளவோ அவ்வளவுதான்.

மொழி திராவிடம் என்பதில் எந்த ஐயமும் இல்லை. இரண்டு, மூன்று ஆகிய எண்ணுப்பெயர்கள், வினை அமைப்பு, கண், கல், பால் போன்ற அடிப்படைச் சொற்கள் எல்லாம் நம் குடும்பத்தவை. ஆனால் நான்கிலிருந்து எண்ணினால் கடன்வாங்கிய ஈரானியப் பெயர்கள் வந்துவிடுகின்றன. அந்த அளவுக்குக் கலப்பு.

மஸ்கட்டில் என்னோடு ஒரே கிடங்கில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பலூசிஸ்தானின் கலாத் பக்கத்துப் பிராகுவி. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது தாயிடம் பிராகுவி, தாய்மாமனிடம் பலூச்சி. அவருடைய பாட்டி பலூச்சி பேசும் கூட்டத்திலிருந்து வந்தவர். அதில் வியப்பு என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். அவருக்கு முக்கியம் எந்தக் குலம், எந்த சர்தார் (குலத்தலைவர்) என்பது. மொழி அதற்குப் பிறகுதான்.

மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969-இல் இதே எல்லைப்பகுதியைப் பற்றி எழுதியது இங்கே பொருந்தும். பஷ்தூன் குழுக்களில் ஜிர்கா என்ற சபையில் எல்லோரும் சமம். வெளியாள் அதில் இடம்பிடிப்பது கடினம். பலூச்சி அமைப்பில் தலைவருக்குக் கீழே யார் வேண்டுமானாலும் வந்து சேரலாம். அதனால் சண்டையிலும் பஞ்சத்திலும் சிதறிய பஷ்தூன் குடும்பங்கள் பலூச்சிக் குலங்களில் போய்ச் சேர்ந்தன. சில தலைமுறைகளில் அவர்களின் மொழியும் பலூச்சி ஆகிவிட்டது. ஆள் அதே ஆள், மொழி மட்டும் மாறுகிறது. கலாத் கானரசின் கீழ் பிராகுவி, பலூச்சிக் குலங்கள் நூற்றாண்டுகளாக ஒன்றாக வாழ்ந்த நிலத்தில் மரபணுவில் கோடு கிழிக்க முடியாமல் போனது இதனால்தான் என்று நான் கருதுகிறேன்.

எனவே கொடிவழி ஐயா சொன்ன விதி சப்பாதாவில் ஒரு முகமாகவும் பலூசிஸ்தானில் நேர் எதிர் முகமாகவும் தெரிகிறது. அங்கே இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசும் மொழி, மரபணுவில் தனித்தடம் இல்லை. இங்கே ஓராயிரம் பேர் பேசும் மொழி, தடம் ஆழமாக இருக்கிறது.


தமிழ்வேல் எழுதியது:

நெய்தல்மகன் அண்ணா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் பிராகுவி மக்களுக்கு நம் ரத்தம் இல்லை என்றால் அவர்களைத் திராவிடர் என்று சொல்வதே பொருளற்றுப் போகிறதே? மனம் ஒப்பவில்லை.


செங்காந்தள் எழுதியது:

தமிழ்வேல் தம்பி, பொருளற்றுப் போகாது. திராவிடம் என்பது அங்கே மொழிக்குடும்பத்தின் பெயர். பிராகுவி பேசும் குழந்தை அந்த மொழியைத் தாயிடமும் பாட்டியிடமும் கற்கிறது. அந்தச் சங்கிலி அறுபடாமல் வந்திருக்கிறது. மொழியின் வரலாறு அதுவே. ரத்தம் என்ற அளவுகோலை அதன்மேல் வைக்கத் தேவையில்லை.

ரத்தத்தைக் கொண்டு மொழியை அளக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு லாடின் மக்களின் கதை நல்ல எடுத்துக்காட்டு (லத்தீன் அல்ல, லாடின்). ஆல்ப்ஸில் செல்லா மலைத்தொகுதியைச் சுற்றியுள்ள ஐந்து பள்ளத்தாக்குகளில் சுமார் 30,000 பேர் பேசும், லத்தீனிலிருந்து பிறந்த மொழி அது. 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, லாடின்களின் தாய்வழி டி.என்.ஏ. வியக்கத்தக்க அளவு பலதரப்பட்டது என்று சொன்னது. அதிலிருந்து, இவர்கள் மத்திய கிழக்கிலிருந்து வந்த மிகப் பழைய மக்களாக இருக்கலாம் என்ற கருத்து வளர்ந்தது. மொழி தனி, மரபணு தனி, ஆகவே தோற்றமும் தனி என்ற எண்ணம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. 2008-இல் இன்னும் விரிவான தரவுகளோடு இன்னொரு குழு ஆராய்ந்தபோது மத்திய கிழக்குத் தோற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. தனிமையும் மரபணு நகர்வும் போதுமான விளக்கங்களாக இருந்தன.

பாஸ்க் மக்களின் கதை இன்னும் சிக்கலானது. பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையின் இருபுறமும் வாழ்பவர்கள். மொழிக்கு உலகில் உறவே இல்லை. அதனால் அவர்கள் கற்காலத்திலிருந்து கலப்பே இல்லாமல் வந்தவர்கள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2019-இல் வெளிவந்த பழங்கால டி.என்.ஏ. ஆய்வின்படி, கி.மு. 2000 வாக்கில் ஐபீரியத் தீபகற்பத்தில் தந்தைவழி மரபுகள் ஏறத்தாழ முழுவதுமாக மாறிவிட்டன. ஸ்டெப்பிப் புல்வெளி மரபு கொண்ட ஆண்களின் வழி நிலைத்துவிட்டது. பாஸ்க் முன்னோர்களும் அதற்கு விலக்கில்லை. ஆனாலும் அவர்கள் பேசுவது இந்தோ-ஐரோப்பிய மொழி இல்லை. தந்தை வழி மாறியும் மொழி மாறவில்லை! 2021-இல் வந்த ஆய்வு அடுத்த பகுதியைச் சொல்கிறது. பாஸ்க் மக்கள் இன்று தனித்துத் தெரிவதற்குக் காரணம், இரும்புக் காலத்துக்குப் பிறகு ரோமானியர் காலத்திலும் வட ஆப்பிரிக்க ஆட்சிக் காலத்திலும் மற்ற ஐபீரியர்களுக்கு நேர்ந்த கலப்பு இவர்களிடம் மிகக் குறைவாக இருந்ததே. அந்தக் காலகட்டத்தில் மொழி வேலியாக நின்றிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரே மக்களிடம் ஒரு காலத்தில் மொழி வேலி, இன்னொரு காலத்தில் வேலி இல்லை.

உலக அளவில் 2022-இல் நடந்த ஓர் ஒப்பீட்டில், மரபணுவும் மொழிக்குடும்பமும் ஏறத்தாழ ஐந்தில் ஓர் இடத்தில் பொருந்தாமல் போகின்றன. மால்டாவும் ஹங்கேரியும் அந்தப் பட்டியலில் உண்டு. பிராகுவி மக்களுக்குத் துணை நிறைய இருக்கிறது, தம்பி.


வைகைக்கரை எழுதியது:

இதற்கு எல்லைப்புறம்வரை போக வேண்டாம் என்று தோன்றுகிறது. நம் ஊரையே பார்ப்போம். ஒரே தெருவில் ஒரே தமிழைப் பேசி, ஒரே கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்து, ஆனால் சாதிக்குள் மட்டுமே சம்பந்தம் செய்துகொண்டு எத்தனை தலைமுறைகள் போயிருக்கின்றன! இந்தியாவில் கலப்பு நின்று அகமணம் இறுகிப்போன காலம் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் என்று 2013-இல் வந்த ஆய்வு கணித்தது. 2017-இல் இன்னோர் ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்து, அவற்றில் 81 குழுக்களுக்கு நிறுவனர் விளைவு (சில முன்னோரிடமிருந்தே பெருகியதால் மரபணுப் பன்மை குறைவது) ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் கடுமையாக இருக்கிறது என்றது. அவற்றில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள குழுக்களும் உண்டு.

சப்பாதாவைத் தனிமைப்படுத்த ஒரு மலையும் ஒரு மொழியும் தேவைப்பட்டன. நமக்கு அவை எதுவுமே தேவைப்படவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் தசைத்தளர்வு மருந்தை உடலால் சிதைக்க முடியாத குறைபாடு வைசியா சமூகத்தில் அதிகம் காணப்படுவது இந்த அகமணத்தின் நேரடி விளைவு. மயக்க மருந்து மருத்துவர்கள் அதைக் கேட்டறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.


தேன்மொழி எழுதியது:

ஆஸ்திரியாவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கிறேன். பிளோக்கன் கணவாய் வழியாகப் பலமுறை இத்தாலிக்கு இறங்கியிருக்கிறேன்; இறங்கியதும் வரும் முதல் ஊர் திமாவ். அந்த ஊரைப் பற்றி இங்கே யாரும் அதிகம் எழுதவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

திமாவ்க்காரர்கள் ஜெர்மன் கிளைமொழி பேசுபவர்கள். 1866 முதல் அந்தப் பகுதி இத்தாலியில் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஊருக்கு நேர் மேலே மலைமுகட்டில் போர்முனை. இத்தாலிய வீரர்களுக்குக் குண்டுகளும் உணவும் கொண்டுபோக ஆண்கள் போதவில்லை. கழுதைப் பாதையும் இல்லை. ஊர்ப் பெண்கள் முதுகுக்கூடையில் முப்பது, நாற்பது கிலோ சுமந்து செங்குத்தாக ஏறினார்கள். வைக்கோல் சுமக்கும் அதே கூடை. அவர்களில் மரியா ப்ளோஸ்னெர் மென்டில் என்ற நான்கு குழந்தைகளின் தாய் 1916 பிப்ரவரியில் ஆஸ்திரியத் துப்பாக்கிக்கு இரையானார். எதிரே இருந்த படையின் மொழிக்கு மிக நெருங்கிய மொழியைத்தான் அந்தப் பெண்கள் வீட்டில் பேசினார்கள். இந்த ஊர் மக்களை ‘ஜெர்மானிய ரத்தம்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

ரேசியாவைப் பற்றியும் ஒன்று. அங்கே மொழிப் பெயரே சண்டைக்குரியது. ஸ்லோவேனியச் சிறுபான்மையினருக்கான 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரேசியாவும் சேர்க்கப்பட்டது. ஊரில் ஒரு சாரார் அதை ஏற்கிறார்கள். இன்னொரு சாரார் ‘எங்கள் மொழி ஸ்லோவேனியன் இல்லை, ரேசியன்’ என்கிறார்கள். 1870-களில் அங்கே போய் அந்த மொழியை ஆராய்ந்தவர் பெரும் மொழியியலாளர் போதுவென் த கூர்த்தனே. நான்கு முக்கிய ஊர்களுக்கும் நான்கு வகைப் பேச்சு. இந்தச் சண்டைக்குள் மரபணு ஆய்வை இழுத்து வந்து, டி.என்.ஏ. தனியாக இருப்பதால் மொழியும் தனி என்று வாதிடுவது தவறு. மரபணுத் தனிமை அந்த ஊரின் சிறுமையையும் அகமணத்தையும் சொல்கிறது. மொழியின் வகைப்பாட்டை அதன் இலக்கணமும் ஒலியும் சொற்களும்தான் சொல்லும். ஒரு மக்கள் தம்மை என்ன பெயரில் அழைக்க வேண்டும் என்பதை இரண்டுமே சொல்ல முடியாது. அது அவர்கள் உரிமை.


வைகைக்கரை எழுதியது:

தேன்மொழி அக்கா, அருமையான பதிவு. ஒரு சங்கடமான கேள்வி கேட்கிறேன். அகமணத்தால் நோய் வரும், கலப்பு நல்லது என்று நானே மேலே எழுதினேன். ஆனால் சவ்ரிஸில் 400 பேர்தான். அவர்கள் வெளியே திருமணம் செய்யத் தொடங்கினால் மொழி இரண்டு தலைமுறை தாங்குமா? மொழி வாழ வேண்டுமென்றால் வேலியும் இருக்க வேண்டும் என்றாகிறதே.


தேன்மொழி எழுதியது:

வேலி வேண்டியதில்லை, தம்பி. இதற்கும் லாடின் பள்ளத்தாக்குகளே விடை தருகின்றன. ஐந்து பள்ளத்தாக்குகளும் 1918 வரை ஆஸ்திரியா-ஹங்கேரியின் கீழ் ஒன்றாக இருந்தன. பிறகு மூன்று மாகாணங்களாகப் பிரிந்தன. கார்தேனாவும் பாதியாவும் போல்சானோ மாகாணத்தில். அங்கே 1948 முதல் பள்ளிகளில் இத்தாலியனும் ஜெர்மனும் சம அளவில் பாடமொழிகள். லாடின் உடன் நடக்கிறது. கடைப் பலகை, நகராட்சி, அரசு வேலை எல்லாவற்றிலும் லாடினுக்கு இடம் உண்டு. சுற்றுலாவால் அந்தப் பள்ளத்தாக்குகளில் வெளியார் குவிகிறார்கள், கலப்புத் திருமணங்கள் ஏராளம். மொழி உறுதியாக நிற்கிறது. அதே லாடின் பேசும் லிவினல்லோங்கோவும் அம்பெத்சோவும் பெல்லூனோ மாகாணத்தில் போய்ச் சேர்ந்தன. அங்கே அந்தப் பள்ளி முறை இல்லை. மொழி தேய்கிறது. இரு பக்கத்திலும் மக்கள் ஒரே மாதிரி, மலையும் ஒரே மாதிரி; சட்டம் மட்டும் வேறு.

மரபணுவுக்கும் மொழிக்கும் இங்கே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சவ்ரிஸ் பெண் ஒருத்தி பிரியூலியின் ஊதினே நகருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனால் அவளுடைய மரபுக்கூறுகள் அழிவதில்லை; பிள்ளைகள் வழியாக அந்த ஊர்மக்களிடம் பரவுகின்றன. மொழி அப்படிப் பரவாது. அவள் பிள்ளையோடு பேசாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அதனால் பாதுகாப்பு தேவைப்படுவது மொழிக்குத்தான். இத்தாலியின் 1999-ஆம் ஆண்டின் 482-ஆம் சட்டம் பன்னிரண்டு சிறுபான்மை மொழிகளை ஏற்றுக்கொண்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. சிற்றூர்ப் பள்ளிக்கு ஆசிரியரும் மணிநேரமும் கிடைக்கிறதா என்பதே எனக்குக் கவலை. பிள்ளைகள் குறைந்து பள்ளியே மூடப்படும் ஊரில் எந்தச் சட்டம் என்ன செய்யும்?


கொடிவழி எழுதியது:

தேன்மொழியின் பதிவைப் படித்தபிறகு, இந்த ஆய்வுகளில் மாதிரி எடுக்கும் முறையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

தனித்த ஊர்களின் ஆய்வில் யாரிடம் எச்சில் அல்லது ரத்த மாதிரி எடுப்பார்கள்? வழக்கமான விதி: தாத்தா, பாட்டி நால்வரும் அதே ஊரில் பிறந்தவராக இருக்க வேண்டும். சில ஆய்வுகளில் ஊரின் பழைய குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்வார்கள். பழைய வரலாற்றைத் தேடும்போது இது நியாயமான விதி. ஆனால் இதனால் என்ன கிடைக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. நமக்குக் கிடைப்பது நூறு ஆண்டுக்கு முந்தைய சப்பாதா. பக்கத்து ஊரிலிருந்து மருமகளாக வந்த பாட்டி ஒருத்தி இருந்தாலே அந்தப் பேரன் கணக்கில் வரமாட்டான். அவன் ஊர்மொழியை நன்றாகப் பேசுபவனாக இருக்கலாம். வந்த பாட்டியே அதைக் கற்றுப் பேசியவளாக இருக்கலாம். அவன் விடுபடுகிறான். மாறாக, பழைய பில்லர் குடும்பத்தில் பிறந்து மொழியைக் கைவிட்டவர் உள்ளே வருகிறார்.

ஆகவே ‘சப்பாதா மொழி பேசுபவர்களின் மரபணு’ என்று செய்தித்தாளில் எழுதும்போது, அது உண்மையில் ‘சப்பாதாவின் பழைய குடும்பங்களின் மரபணு’. இரண்டும் பெருமளவு ஒன்றுதான், ஆனால் முழுவதும் ஒன்றல்ல. மொழிக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை உண்மையாகவே சோதிக்க வேண்டுமானால், இன்று மொழி பேசுபவர்கள் எல்லோரிடமும், அவர்கள் எங்கிருந்து வந்தவர்களாக இருந்தாலும், மாதிரி எடுத்து ஒப்பிட வேண்டும். இனி வரும் ஆய்வுகள் அதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.


செங்காந்தள் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு தகவலைச் சேர்த்துவிடுகிறேன். சப்பாதா 1852 முதல் பெல்லூனோ மாகாணத்தில், அதாவது வெனெட்டோவில் இருந்தது. 2008-இல் ஊர்மக்கள் வாக்களித்துக் கேட்டதன்படி 2017-இல் மீண்டும் பிரியூலியோடு சேர்ந்தது. சிறுமொழிகளுக்குத் தனி ஏற்பாடுகள் உள்ள தன்னாட்சிப் பிரதேசம் பிரியூலி. அங்கே சேர்ந்தபிறகு ஊர்ப்பள்ளியில் மொழிப்பாடம் எப்படி நடக்கிறது என்பதை, தேன்மொழி அக்கா, அடுத்தமுறை அந்தப் பக்கம் போனால் விசாரித்து எழுதுங்கள்.

கிழக்கு ஜெர்மனியில் ஸ்லாவிய மொழி பேசும் சோர்பியர்களைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். 2011-இல் வந்த ஆய்வுகளின்படி அவர்கள் சுற்றியிருக்கும் ஜெர்மானியரைவிடப் போலந்து, செக் மக்களோடு மரபணுவில் நெருங்கியவர்கள். அங்கே மொழி நன்றாகத் தங்கியிருப்பது கத்தோலிக்க ஊர்களில். மலை கிடையாது. மதம்தான் திருமணத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறதா என்பதைப் பேச வேண்டும்.